அலை ரயிலும் என் வயிறும்

போன கிழமை, நான் முன்பு வேலை செய்த நகரசபை வேலைப் பகுதியிலிருந்து இரண்டு இளம் பரிசோதகர்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். இனிமேல் கார்னிவல் ராட்டினங்களைப் பரிசோதிக்கும் அதிகாரி தானே ஏறிப் பார்க்கத் தேவையில்லையாம். மணல் மூட்டையை ஏற்றிச் சுற்றிப் பார்த்தால் போதும் என்று புதிதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவர்களில் ஒருவர் மரியாதையாகக் கேட்டார்: "உங்களுக்குப் பயமெண்டதே இல்லையாம், ஐயா. எந்த ராட்டினம் வந்தாலும் நீங்கள்தான் முதல் ஆளாய் ஏறுவியளாம். அந்தப் பயத்தை எப்பிடி விட்டனீங்கள்?"

எனக்குத் தேநீர் புரைக்கேறிவிட்டது. குசினிக்குள் நின்ற என் மனைவி பிலோமினா சிரித்த சிரிப்பு றோட்டுக்கே கேட்டிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் டொக்யார்டில், கடற்படைக் கப்பல்களைத் திருத்தும் துறையில், இயந்திரம் பூட்டுகிற பிற்றர் வேலை பழகியவன். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது எங்களில் பாதிப்பேர் கொழும்புக்குப் போனார்கள், சிலர் மத்திய கிழக்குக்குக் கப்பலேறினார்கள். எனக்குத் திருகோணமலையை விட மனமில்லை. ஊரில் நகரசபையின் வேலைப் பகுதியில் ஒரு இடம் கிடைத்தது. தண்ணீர்ப் பம்பு, சந்தைக் கட்டடம், தெருவிளக்கு என்று எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை கார்னிவல் வரும். அப்போது ராட்டினங்களும் எங்கள் தலையில்தான்.

எனக்கு மேலே இருந்தவர் சபாரத்தினம் ஐயா. அவரும் டொக்யார்டில் இருந்து வந்தவர்தான். அங்கே பாரந்தூக்கிகளைப் பரிசோதிக்கும் பகுதியில் நெடுங்காலம் இருந்தவர். ஆட்களைத் தூக்கும் இரும்புக் கூடை ஒன்றைச் சரியென்று விட்டவன் எவனோ, அவனே முதலில் அதில் ஏறவேண்டும் என்பது அங்கே வழக்கம். ஐயா அந்த வழக்கத்தை அப்படியே கொண்டுவந்து கார்னிவலில் வைத்துவிட்டார். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெள்ளைக் காற்சட்டை, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. வந்து நின்றால் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரிப்பார். தோலை நிலத்தில் போடாமல் பைக்குள்ளேயே வைத்துக்கொள்வார். போல்ட் எப்படி, அச்சு எப்படி என்று ஒன்றும் கேட்கமாட்டார். பழத்தைப் பார்த்தபடியே ஒரே ஒரு கேள்வி.

"ஏறினனீரோ?"

"ஓம் ஐயா" என்றால் கையெழுத்துப் போடச் சொல்வார். இல்லையென்றால் பழத்தைத் தின்றுகொண்டு நிற்பார். நான் ஏறி இறங்கும்வரை அந்தப் பழம் முடியாது.

எனக்கோ உயரம் என்றாலே ஆகாது. உயரம்கூடப் பரவாயில்லை, இறங்குவதுதான் கொடுமை. பெரிய ராட்டினம் உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் சரியும்போது நான் மட்டும்தான் இறங்குவேன், வயிறு மேலேயே நின்றுவிடும். பிறகு அது என்னைத் தேடி வந்து தொண்டைக்குள் குந்திக்கொள்ளும். கை வியர்த்து, காது அடைத்து, கீழே நிற்பவர்களின் முகமெல்லாம் ஒன்றாகிவிடும். முதல் தடவை இறங்கியதும் நேரே பின்பக்கம் போய்ச் சாப்பிட்டதையெல்லாம் கொட்டினேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து "ஏறினனான் ஐயா" என்றேன். அவர் இரண்டு சுளை தோடம்பழத்தை நீட்டினார்.

கார்னிவல் வருகிறது என்று கேள்விப்பட்டாலே எனக்கு நித்திரை போய்விடும். பிலோமினா இஞ்சி இடித்து உப்புப் போட்டுத் தருவாள். வெறும் வயிற்றோடு போய்ப் பார்த்தேன், குமட்டல் இன்னும் கூடியது. நிறையச் சாப்பிட்டுப் போனேன், அதைச் சொல்லவே வேண்டாம். காலையில் இரண்டு பிஸ்கட்டும் வெறுந்தேநீரும்தான் சரி என்று பட்டுத் தெளிந்தேன். கண்ணை மூடினால் தலைசுற்றல் கூடும். கடல் வானத்தோடு முட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் குறையும். கம்பியை இறுக்கிப் பிடித்தால் வயிறும் இறுகும். இறக்கம் தொடங்க முன்னரே மூச்சை மெல்ல வெளியே விடத் தொடங்கவேண்டும். இவ்வளவையும் நானாகத்தான் ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்தேன். வாந்தி குறைந்தது. பயம் குறையவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் காசிம் நானா அலை ரயிலைக் கொண்டுவந்தார்.

காசிம் நானா குறிஞ்சாக்கேணிக்காரர். மர வியாபாரம், பழைய இரும்பு வியாபாரம், நடுவில் கார்னிவலும் நடத்துவார். வாய் ஓயாத மனிதர். டொக்யார்டுச் சாமான்களை ஏலத்தில் விட்டபோது, சரக்குத் தள்ளுகிற சின்னத் தண்டவாளத்தையும் நாலைந்து ட்ரொலிகளையும் கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் ஒரு வின்சையும் அவர் எடுத்திருந்தார். அவை அவருடைய வளவில் துருப்பிடித்துக்கொண்டு கிடந்தன. வெளிநாட்டில் மேடும் பள்ளமுமாய் ஓடும் ரயில் ஒன்று இருப்பதாக யாரோ ஒரு கப்பற்காரன் படம் காட்டியிருக்கிறான். அவ்வளவுதான், நானாவுக்குப் பிடித்துவிட்டது. பங்குக் கோயில் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் காசு சேர்க்கக் கடற்கரைப் பக்கத்து வெளியில் கார்னிவல் போட்டபோது, அந்தத் தண்டவாளத்தைப் நிமிர்த்தி நட்ட பனங்குற்றிகளுக்கு மேலே ஏற்றி மூன்று மேடு வைத்து ஒரு ரயில் கட்டி, அதற்கு அலை ரயில் என்று பெயரும் வைத்துவிட்டார். வின்சு ட்ரொலியை முதல் மேட்டுக்கு இழுக்கும். அங்கே கொளுக்கியைக் கழற்றிவிட்டால் அது தானாய் விழுந்து, இரண்டாம் மேடு ஏறி விழுந்து, கடல் பக்கமாய் வளைந்து மூன்றாம் மேடும் தாண்டி, மணலுக்குள் போய் நிற்கும்.

சனம் அதைப் பார்க்கக் கட்டும்போதே கூடிவிட்டது. நிலாவெளி பஸ்ஸில் வந்திறங்குகிறவர்கள் சந்தைக்குப் போகமுன் இங்கே வந்து ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். என் மகள் செல்வி வீட்டில் அதைத் தவிர வேறு கதை கதைக்கவில்லை.

தொடக்க நாள் காலையிலேயே பரிசோதனைக்குப் போனேன். ஒவ்வொரு போல்டையும் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டேன். நல்ல போல்ட் மணி மாதிரிக் கிண்ணென்று சொல்லும், தளர்ந்தது பொத்தென்று சொல்லும். எல்லாம் மணிதான். குற்றிகளுக்குக் குறுக்கே போட்ட மரங்களை மட்டும் போல்ட் போடாமல் தும்புக் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்கள். நிலாவெளிக் கரைவலைக்காரர்களைக் கொண்டு கட்டினதாக நானா சொன்னார்.

"கடல் காத்தில ஆணி துருப்பிடிக்கும் ஐயா. தும்பு துருப்பிடிக்குமோ? அவங்கள் கட்டின வள்ளம் சூறாவளிக்கே அசையாது."

சொன்னதில் நியாயம் இருந்தது. என் சட்டைப் பையில் இருந்த பென்சிலை எடுத்துக் கட்டுகளுக்குள் செருகிப் பார்த்தேன். ஒன்றிலும் நுனிகூட நுழையவில்லை. கட்டுகள் கல்லு மாதிரி இருந்தன. பிறகு மணல் மூட்டைகளை ட்ரொலிகளில் ஏற்றி ஓட்டினோம். சறுக்கென்று போய்ச் சறுக்கென்று நின்றது. இனி மிச்சம் நான் ஏறுவதுதான்.

ஏற முடியவில்லை. அந்த முதல் மேட்டை அண்ணாந்து பார்த்ததும் காலையில் குடித்த தேநீர் மேலே வந்தது. "பின்னேரம் வந்து ஏறுறன் நானா, இப்ப பம்பு ஹவுசில வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு நழுவினேன். பம்பு ஹவுசில் ஒரு வேலையும் இருக்கவில்லை. பம்பின் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, வயிற்றில் கையை வைத்தபடி பின்னேரம்வரை இருந்தேன்.

அன்றைக்குக் கச்சான், தென்மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று, நெருப்பாய் அடித்தது. மறுபடி நான் போகும்போது வெளியெல்லாம் சனம். ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. அலை ரயிலுக்குப் பிள்ளைகள் கயிறு கட்டின வரிசையில் நெரிந்துகொண்டு நின்றார்கள். ட்ரொலிக்கு ஏறும் ஏணிக்குக் கீழே காசிம் நானா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கெதியா ஏறி இறங்குங்கோ ஐயா. சனம் என்னைத் திண்டுபோடும்."

ஏறினேன். வின்சு இழுக்க இழுக்க வானம் கிட்ட வந்தது. கொளுக்கி கழன்றது. அதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்கு நினைவில்லை. வயிறு வழக்கம்போல மேலே நின்றுவிட்டது. கடலைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன், ஆனால் கடல் தலைகீழாய் வந்ததுபோல இருந்தது. மணலுக்குள் வந்து நின்றபோது, மூன்றாம் மேட்டில் ஏதோ ஒன்று வேறு மாதிரி இருந்தது என்பது மட்டும் மனதில் மிஞ்சியது. மற்ற மேடுகளில் வயிறு மேலே போனது. அங்கே மட்டும் இடப்பக்கம் போனது.

இன்னொருமுறை ஏறினேன். இந்தமுறை மூச்சை விட்டுக்கொண்டே விழுந்தேன், கம்பியை மெல்லப் பிடித்தேன். மூன்றாம் மேட்டில் மறுபடியும் இடப்பக்கம் ஒரு சின்னத் தள்ளல். நின்றுகொண்டிருப்பவரின் தோளை யாரோ விரலால் தட்டிவிட்டுப் போனதுபோல, அவ்வளவு சின்னது.

இறங்கி நானாவிடம் சொன்னேன். அவர் நான் காலையில் சுத்தியலால் தட்டின அதே போல்டுகளைக் காட்டினார். ஆட்களை ஏறவிட்டு, அந்தப் போல்டுகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் கிறீச்சிடவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்கட வயித்தைக் கேட்டோ நான் கார்னிவல் நடத்திறது? நீங்கள் ராட்டினத்தால இறங்கினதும் வாந்தியெடுக்கிற ஆள் எண்டு எங்கட ஆக்களுக்குத் தெரியும். பயத்துக்கும் பழுதுக்கும் வித்தியாசம் தெரியாதோ ஐயா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் கூடியது, ஏனென்றால் அவர் கேட்டது சரியான கேள்வி. எனக்கும் உண்மையிலேயே வித்தியாசம் தெரியவில்லை. கயிற்றுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தேன். என் வயிறு சும்மா பயந்திருந்தால், அவர்களின் சந்தோசத்தை நான் கெடுக்கிறேன். என் வயிறு சொல்வது உண்மையாக இருந்தால், கையெழுத்துப் போட்ட பிறகு என்ன நடக்கும் என்று நினைக்கவே என்னால் முடியவில்லை.

அப்போதுதான் கறுப்புக் குடை வந்தது. சபாரத்தினம் ஐயா தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினார்.

"ஏறினனீரோ?"

"ரெண்டு தரம் ஏறினனான் ஐயா. மூண்டாம் மேட்டில ஏதோ ஒண்டு சரியில்லை."

"என்ன சரியில்லை?"

"தெரியேல்லை. வயிறு இடப்பக்கம் போகுது."

அந்த வசனத்தைச் சொல்லும்போது எனக்கே கேவலமாயிருந்தது. ஐயா சிரிக்கவில்லை. உரித்த பழத்தையும் குடையையும் என் கையில் தந்துவிட்டு, காற்சட்டை மடிப்பைச் சரிபண்ணிக்கொண்டு தானே போய் ட்ரொலியில் ஏறினார். கோயிலில் பூசை காண்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி இருந்தார். மேலே போனார், விழுந்தார், எழும்பினார், வளைந்தார், மணலுக்குள் வந்து நின்றார். ஒரு மயிரும் கலையவில்லை.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றார்.

காசிம் நானா கையை விரித்து என்னைப் பார்த்தார். வரிசையில் பிள்ளைகள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். ஐயா கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் நான் போட்டிருப்பேனோ தெரியாது. ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. குடையையும் பழத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு, "உம்மட கையெழுத்துத்தானே. நீர் சொல்லும்" என்றார்.

"இன்னொருக்கா ஏறுறன் ஐயா."

மூன்றாம்முறை வின்சு இழுக்கும்போது ஒரு யோசனை வந்தது. பயம் என்றால் பழகப் பழகக் கொஞ்சமாவது குறையவேண்டும். முதல் மேடு விழுந்தேன், முன்னைய அளவுக்கு இல்லை. இரண்டாம் மேட்டில் வயிறு கொஞ்சம்தான் கிளம்பியது, மூச்சைவிட்டதும் அடங்கியது. மூன்றாம் மேடு வந்தது. அதே தள்ளல், அதே இடப்பக்கம், முதல்முறை எவ்வளவோ அவ்வளவு. துளியும் குறையவில்லை.

இறங்கியதும் ஐயாவிடம் போனேன். "என்னால கையெழுத்துப் போட ஏலாது" என்றேன். அதற்குமேல் நிற்க முடியவில்லை. மூன்றுமுறை விழுந்த வயிறு தன் கணக்கைத் தீர்க்க வந்துவிட்டது. சனத்தின் கண்ணில் படாமல் மூன்றாம் மேட்டுக்குக் கீழே ஓடிப்போய், ஒரு பனங்குற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

வாந்தியெடுத்துக்கொண்டிருக்கும்போதே என் விரல்கள் எதற்குள்ளோ போயிருப்பது தெரிந்தது. குற்றியோடு குறுக்குமரத்தைக் கட்டியிருந்த தும்புக் கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையில் என் நாலு விரலும் நுழைந்திருந்தன. பென்சில் நுனி நுழையாத கட்டு அது. கயிறு காய்ந்து சருகாய் இருந்தது. அடுத்த குற்றிக்குப் போனேன், அங்கேயும் அப்படியே. வாயைத் துடைக்கவும் மறந்து "ஐயா!" என்று கத்தினேன்.

ஐயா வந்து குடை நுனியைக் கட்டுக்குள் விட்டுப் பார்த்தார், போனது. இரண்டு பேர் குற்றியைத் தோளால் தள்ளினார்கள். மேலே தண்டவாளம் கடல் பக்கமாய்ச் சாய்ந்து திரும்பி வந்தது. சின்ன அசைவுதான். அதையும் ஒரு பின்னேரம் முழுக்கப் பிள்ளைகளை ஏற்றி ஆட்டிக்கொண்டிருந்தால் என்னவாகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கட்டினவர்களில் ஒருவரான சூசை என்ற நிலாவெளிக்காரர் அங்கேயே நின்றார். அவர் முகம் வெளிறிவிட்டது.

"விடியக் கல்லு மாதிரி இருந்தது ஐயா. நான்தான் வாளியால கடல்தண்ணி ஊத்தி நனைச்சனான். வள்ளத்துக்கு எப்பவும் நனைச்சுத்தான் கட்டுவம். நனைஞ்சால்தானே இறுகும்."

"வள்ளம் பிறகும் நனைஞ்சுகொண்டுதானே இருக்கும்" என்றார் ஐயா மெதுவாக.

சூசை அண்ணாந்து கயிறுகளைப் பார்த்தார், பிறகு கச்சான் அடிக்கும் திசையைப் பார்த்தார். விளக்கம் சொல்லவேண்டி இருக்கவில்லை. ஈரம் இருக்கும்வரை இறுகிக் கிடந்த கயிறு, அந்தக் காற்றில் ஒரு பகல் காய்ந்ததும் நெகிழ்ந்துவிட்டது; ட்ரொலி வளைந்து பக்கவாட்டில் தள்ளுகிற மூன்றாம் மேட்டில்தான் அது தெரிந்தது. மணல் மூட்டை ஓடினது காலையில், ஈரத்தில். நானும் பயமில்லாதவனாய் இருந்து காலையிலேயே ஏறியிருந்தால், எல்லாம் நல்லாயிருக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

காசிம் நானா நேரே ஒலிபெருக்கிக்குப் போய்ப் பாட்டை நிறுத்தினார். "பிள்ளையள், அலை ரயிலுக்கு இண்டைக்குச் சுகமில்லை. டொக்டர் ஐயா பார்த்திட்டார். சுகமானாப் பிறகு வாங்கோ" என்று தானே சொன்னார். வரிசையில் நின்ற பிள்ளைகள் போட்ட கூக்குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு அது இனிமையாய்த்தான் இருந்தது.

அன்று ஐயாவும் நானும் கடற்கரையோரமாய் நடந்து திரும்பினோம். அவர் வழக்கத்துக்கு மாறாகத் தானாய்க் கதைத்தார்.

"டொக்யார்டுக் கூடையில முதன்முதல் ஏறேக்க நானும் உம்மைப் போலத்தான். பிறகு பல்லைக் கடிச்சுக் கடிச்சு வயித்தைப் பேசாமல் பண்ணிப்போட்டன். கெட்டித்தனம் எண்டு நினைச்சன்." சிறிது தூரம் நடந்துவிட்டுச் சொன்னார்: "அது இண்டைக்கு எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

அவர் மிச்சத் தோடம்பழத்தை முழுதாய் என்னிடம் தந்துவிட்டார்.

அடுத்த நாட்களில் காசிம் நானா தும்புக் கயிற்றையெல்லாம் அறுத்தெறிந்துவிட்டு, இரும்புப் பட்டியும் போல்டும் போட்டுக் குறுக்குமரங்களை இறுக்கினார். நான் மறுபடி போனேன். காலையில் போகவில்லை, கச்சான் உச்சமாய் அடிக்கும் பின்னேரமாய்ப் பார்த்துப் போனேன். ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். வயிறு மேலே போனது, கீழே வந்தது, இடப்பக்கம் போகவே இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். நானா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் "வயித்தையா" என்றுதான் கூப்பிடுவார். சந்தைக்கு நடுவிலும் கூப்பிடுவார்.

நான் கையெழுத்துப் போட்ட அன்று பின்னேரமே பிலோமினா செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்ததும் வராததுமாய்ச் செல்வி அலை ரயில் வரிசைக்கு ஓடினாள். பிலோமினா என் முகத்தைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையை விடலாமோ?"

அதே கேள்வியைத்தான் நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்ட கை, சொந்தப் பிள்ளையைக் கண்டதும் மறுபடி வியர்த்தது. விடலாம் என்றேன். சொல்லிவிட்டு நிற்க முடியாமல் நானும் போய்ச் செல்விக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

வின்சு இழுத்தது. கடற்கோடு தெரிந்தது. கொளுக்கி கழற்றுகிறவனின் கையையே பார்த்துக்கொண்டு மூச்சை விடத் தொடங்கினேன். செல்வி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஊரெல்லாம் தன் அப்பாவுக்குப் பயமே இல்லை என்று சொல்லித் திரிகிற பிள்ளை அவள். அந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்று இப்போது விளங்குகிறதுதானே.

"அப்பா, உங்களுக்குப் பயமாயிருக்கோ?"

இவ்வளவு காலமும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை அன்று சொன்னேன்.

"ஓம் பிள்ளை. நல்லாப் பயமாயிருக்கு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொளுக்கி கழன்றது. முதல் மேட்டிலும் இரண்டாம் மேட்டிலும் அவள் கத்திக்கொண்டே சிரித்தாள். மூன்றாம் மேடு வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வயிற்றைக் கேட்டேன். அது நேரே மேலே போய் நேரே கீழே வந்தது.

மணலுக்குள் நின்றதும் செல்வி சொன்னாள்: "இன்னொருக்கா, அப்பா."